சீசன் டிக்கெட்: பருவமா, தொடரா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் 'பருவச்சீட்டு வைத்திருப்போர்' என்று ஒரு கூட்டம் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஓர் ஆண்டில் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களுக்கு மொத்தமாகச் சீசன் டிக்கெட் வாங்கியவர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 'பருவகால டிக்கெட்' என்பாரும் உண்டு. மழைக்காலமா மாம்பழக் காலமா என்ற குழப்பம்தான் படிக்கிறவருக்கு மிச்சம்.

'சீசன்' லத்தீனில் விதைப்பைக் குறித்த சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. விதைக்கும் காலம், ஆண்டின் ஒரு பகுதி, எதற்கும் உரிய காலம் என்று பொருள் விரிந்தது. நம் பருவமும் பயிரோடு ஒட்டிய சொல் என்பதால் அகராதியில் இரண்டும் பொருந்தும். அரங்க வாசலில் பொருந்தாது.

பேச்சு கல்லூரியைப் பற்றியது. தமிழகக் கல்லூரிகளில் பருவம் என்றால் செமஸ்டர். 'பல்கலைக்கழகம் பருவச்சீட்டு விற்கிறது' என்று எழுதினால் தேர்வு ஹால் டிக்கெட்டுக்கும் விலையா என்று மாணவன் பதறுவான். கல்லூரிக் கூடைப்பந்து நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும், இரண்டு செமஸ்டர்களைத் தொடும். ஒரே பருவச்சீட்டில் இரண்டு பருவம்!

'சீசன் டிக்கெட்' என்றே விட்டுவிடலாம் என்றால் அடுத்த இடைஞ்சல் ரயில். மின்சார ரயிலுக்குச் சீசன் எடுத்தவர் அந்த மாதம் எத்தனை முறையும் ஏறலாம்; உட்கார இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். கல்லூரி அரங்கில் கணக்கே வேறு. ஃபுட்பாலில் வழக்கமான 12 ஆட்டங்களில் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆறு முதல் எட்டு மட்டும்தான் இதில் அடக்கம். ஆட்டத்துக்கு ஒரு சீட்டு. எல்லாச் சீட்டிலும் அதே பகுதி, அதே வரிசை, அதே எண். மார்கழிக் கச்சேரிக்குச் சபாவில் வாங்கும் சீசன் டிக்கெட்தான் இதற்கு நெருங்கிய உறவு.

ஆகவே 'தொடர்ச்சீட்டு'. கிரிக்கெட் செய்திகளால் 'தொடர்' எல்லாருக்கும் பழகிய சொல். அடுத்த ஆண்டும் தொடர்வது என்ற பொருளும் உள்ளே இருக்கிறது. இந்த வியாபாரத்தின் உயிர் அங்கேதான். ஆட்டங்கள் முடிந்ததும் குளிர்காலத்தில் பழைய ஆட்களுக்குப் புதுப்பிப்பு அறிவிப்பு போகும். கெடு தாண்டினால் இருக்கை கைவிட்டுப் போகும். காலியானவற்றை, கொடுத்த நன்கொடையையும் வாங்கிவந்த ஆண்டுகளையும் வைத்துப் போடும் முன்னுரிமைப் புள்ளி வரிசைப்படி மற்றப் பழைய ஆட்கள் எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் புதியவர்கள், அப்புறம் மூன்று அல்லது நான்கு ஆட்டங்களுக்கான தொகுப்புச் சீட்டுகள். கோடையில் மீந்தது தனி ஆட்டச் சீட்டாகக் கடைக்கு வரும்.

மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் 1,07,601 பேர் அமரலாம். பெரும்பாலும் நீண்ட பலகைதான், எண் அதன்மேல் இருக்கும். பரம எதிரியான ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி அங்கே ஆட வருவது ஒற்றைப்படை ஆண்டுகளில். இரட்டைப்படை ஆண்டில் சப்பை ஆட்டங்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டிப் பலர் புதுப்பிப்பது, மறு ஆண்டு அதே பலகையில் உட்காரத்தான். பருவம் என்ற சொல் இதில் எதைச் சொல்லும்?

'சந்தாச் சீட்டு' என்று ஒரு கட்சி இருக்கிறது. பத்திரிகைச் சந்தாவை நிறுத்திவிட்டு மீண்டும் கட்டினால் அதே பத்திரிகைதான் வரும். இங்கே ஓராண்டு விட்டால் மைதானத்தின் நடுவே உள்ள 50 யார்டு கோட்டருகே இருந்தவர் மூலைக்குப் போவார்.

இன்னும் இரண்டு எரிச்சல்கள். சீட்டு விற்கும் 'அத்லெடிக் டிபார்ட்மென்ட்'டை 'தடகளத் துறை' என்று எழுதுகிறார்கள். தமிழில் தடகளம் ஓட்டமும் தாண்டலும் எறிதலும். ஃபுட்பால் சீட்டு விற்பது கல்லூரியின் விளையாட்டுத் துறை. மற்றொன்று 'நன்கொடை'. நல்ல இடங்களுக்குச் சீட்டு விலை போக, இருக்கைக்கு இவ்வளவு என்று தனி பில் வரும். 2017 வரை அதில் 80 சதவீதத்தை நன்கொடை என்று அமெரிக்க வருமான வரியில் கழிவாகக் காட்ட முடிந்தது, 2018 முதல் அதுவும் போயிற்று. கட்டாவிட்டால் இருக்கை இல்லை என்னும் பணத்தை 'இருக்கைக் கட்டணம்' என்றே எழுதலாம்.