வயதானவர்களின் சர்க்கரை நோயும் கவனிக்கப்படாத தசையும்

சர்க்கரை நோய் என்று வருபவருக்கு ரத்தம் பார்க்கிறோம், சிறுநீர் பார்க்கிறோம். கண், பாதம், சிறுநீரகம், இதயம் எதையும் விடுவதில்லை. தொடையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. உடலின் வளர்சிதை மாற்றத்தை ஆராய்வதிலும், முதியவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதிலுமே என் தொழில் வாழ்க்கை கழிந்திருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்: அறுபதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் அவருடைய தசையின் பலம்.

ஏன் என்று கேட்டால், எங்கள் துறையில் 'கிளாம்ப்' என்று அழைக்கப்படும் சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். வெறும் வயிற்றில் வந்தவரைக் கட்டிலில் படுக்க வைப்போம். ஒரு கையில் இரண்டு டிரிப். ஒன்றில் இன்சுலின், இன்னொன்றில் குளுக்கோஸ். மற்றொரு கையைக் கதகதப்பாக வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்போம். இன்சுலின் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். சர்க்கரை 90 பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அதற்காகக் குளுக்கோஸ் டிரிப்பின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவருக்கு டிரிப்பை வேகமாக ஓட்டினாலும் போதாது, உடல் அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். இன்னொருவருக்கு அதே அளவு இன்சுலின்தான் போகும், ஆனால் டிரிப்பைச் சற்றுக் கூட்டினாலே சர்க்கரை ஏறிவிடும். இன்சுலின் எதிர்ப்பு என்று நாம் பேசுவதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இந்த முறையை உருவாக்கிய ரூபின் ஆண்ட்ரஸ், முதுமையை ஆராய்ந்தவர். பால்டிமோரில் இருந்த முதுமை ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றியவர். அவரும் ரால்ஃப் டிஃபிரான்ஸோவும் ஜோர்டன் டோபினும் சேர்ந்து 1979இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் கிளாம்ப் உலகம் முழுவதும் பரவியது. சர்க்கரை நோயையும் முதுமையையும் தனித்தனித் துறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் எங்கள் அடிப்படைக் கருவியே இரண்டும் சேர்ந்த இடத்தில் பிறந்தது.

சரி, அப்படி உடல் வாங்கிக்கொள்ளும் குளுக்கோஸ் எங்கே போகிறது? டிஃபிரான்ஸோ இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். கிளாம்ப் நிலையில் சுமார் 80 சதவீதம் எலும்போடு ஒட்டிய தசைக்குத்தான் போகிறது என்பது தெரிந்தது. கணையத்தைப் பற்றியும் கல்லீரலைப் பற்றியும் எவ்வளவோ பேசுகிறோம். அவை முக்கியம்தான். ஆனால் சர்க்கரையை வாங்கி வைக்கும் மிகப் பெரிய இடம் தசை.

வயது ஏற ஏற அந்த இடம் சுருங்குகிறது. தசையின் அளவு குறைவதைவிட வேகமாக அதன் பலம் குறைகிறது. தசைக்குள்ளேயே கொழுப்பும் சேர்கிறது. அதனால் எடை மாறாமலேயே ஒருவருடைய உடல் உள்ளுக்குள் மாறிப்போகலாம், எடை மெஷினுக்கு அது தெரியாது. படுக்கையில் கிடந்தால் இழப்பு இன்னும் வேகமாகும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. எந்த நோயும் இல்லாதவர்களுக்கே இந்த நிலை. காய்ச்சல் வந்து தேறியவரிடம் "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், படுத்துக்கோங்க" என்று வாரக்கணக்கில் அன்பாகச் சொல்லும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

நல்ல செய்தியும் தசையிலேயே இருக்கிறது. குளுக்கோஸைச் செல்லுக்குள் கொண்டு போகும் 'குளூட் 4' என்ற புரதம், இன்சுலின் வந்து சொன்னால் செல்லின் மேற்பரப்புக்கு வரும். தசை சுருங்கி வேலை செய்யும்போதும் வரும். இந்த இரண்டாவது வழிக்கு இன்சுலினின் தயவு தேவையில்லை. முன்வாசல் அடைத்துக்கொண்டவருக்கும் பின்வாசல் திறக்கிறது. உடற்பயிற்சி செய்த பிறகு இன்சுலினுக்குத் தசை நன்றாக இணங்கும் நிலை ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை நீடிக்கும். இரண்டு நாள் தொடர்ந்து பயிற்சியை விடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

"இந்த வயசுக்கு மேல என்ன பலம் வரப்போகுது?" என்று கேட்பவர்கள் அதிகம். மரியா ஃபியாடரோனின் குழு 1990இல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய சிலருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அதை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 2002இல் அமெரிக்காவில் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வும் முக்கியமானது. நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரில், எடை குறைத்து வாரம் 150 நிமிடம் உடலை அசைத்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. அவர்களில் அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கிடைத்த பலன் இன்னும் அதிகம், 71 சதவீதம்.

சிகிச்சை அறையில் நான் பார்ப்பது வேறாக இருக்கிறது. எழுபதைக் கடந்த ஓர் அம்மாவை அவருடைய மகன் அழைத்து வந்தார். "அம்மாவுக்கு சுகர் சூப்பர் கண்ட்ரோல் டாக்டர்" என்று ரிப்போர்ட்டை நீட்டினார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. அந்த அம்மாவைக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னேன். முன்னால் சாய்ந்தார், இடுப்பு சற்று மேலே வந்தது, மறுபடி உட்கார்ந்துவிட்டார். "கை இல்லாம முடியாதுப்பா" என்றார். ராத்திரியில் வியர்க்கிறதா என்று கேட்டேன். "தினமும் விடியற்காலம் நைட்டி நனைஞ்சிடும், வயசானா அப்படித்தானேன்னு இருந்துட்டேன்." பல வருடங்களாக அவர் கிளிபென்கிளமைடு என்ற, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை சாப்பிட்டு வந்தார். சாப்பாடு குறைந்து உடல் மெலிந்த பிறகும் அளவு மாறவில்லை.

இந்த வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு விடியற்கால வியர்வை, சர்க்கரை தாழ்ந்துபோவதன் அடையாளமாக இருக்கலாம். முதியவர்களுக்கு அது தலைசுற்றலாக, குழப்பமாக, தடுமாறி விழுவதாக வெளிப்படும். பலரும் முதுமை என்றே எடுத்துக்கொள்வார்கள். அந்த மாத்திரையை நிறுத்தினோம். பிசியோதெரபி தொடங்கியது. அடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 7.4 என்று வந்ததும் மகன் பதறிப்போனார். எனக்கு அது திருப்தியான எண். வியர்வை நின்றிருந்தது, அம்மா கை ஊன்றாமல் எழுந்தார்.

எண்ணைக் கீழே தள்ளிக்கொண்டே போவது எல்லோருக்கும் நல்லதல்ல என்பது 2008இலேயே உறுதியாகிவிட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அக்கார்டு ஆய்வில், ஹெச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் மரணங்கள் கூடியதால் அந்தத் தீவிர சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினார்கள். இன்றைய வழிகாட்டுதல்களில், மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் முதியவருக்கு 7 முதல் 7.5க்குள், பல நோய்களோ தளர்ச்சியோ உள்ளவருக்கு 8க்குள் இருந்தால் போதும். உங்கள் பெற்றோர் இன்சுலினோ, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டு 6க்கும் 6.5க்கும் இடையில் இருக்கிறார்கள் என்றால், பாராட்டுவதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எடை குறைப்பிலும் இதே கவனம் வேண்டும். பசியை அடக்கி எடையைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். ஆனால் குறைகிற எடையில் ஒரு பங்கு தசையும்தான். நாற்பது வயதுக்காரருக்கு அது சமாளிக்கக்கூடிய இழப்பு. எழுபத்தைந்து வயதுக்காரர் எடைப் பயிற்சி இல்லாமல், பசியும் அடங்கிப்போய் அந்த ஊசியைப் போட்டுக்கொள்வது எனக்குக் கவலை தருகிறது. முதியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு மருத்துவர் தனியாகச் சொல்வார்.

முதுமையைத் தள்ளிப்போட மெட்ஃபார்மின் சாப்பிடலாமா என்று சர்க்கரை நோய் இல்லாதவர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 65 வயதைத் தாண்டிய ஆரோக்கியமானவர்கள் 14 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிடத் தசை குறைவாகவே வளர்ந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு அது நல்ல மருந்து, அவர்கள் தொடர வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைகளை மார்பில் கட்டி, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். ஐரோப்பிய வல்லுநர் குழு 15 நொடிக்கு மேல் ஆவதையும், ஆசியக் குழு 12 நொடியோ அதற்கு மேலோ ஆவதையும் தசைத் தளர்ச்சியின் அறிகுறியாகக் கொள்கின்றன. எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடைப் பயிற்சி என்றால் வாரம் இரண்டு மூன்று நாள், எழுந்து உட்காருவதிலிருந்தே தொடங்கலாம். மூச்சைப் பிடிக்கக் கூடாது. கண்ணின் விழித்திரையில் ரத்தக் கசிவோ புதிய ரத்தக் குழாய்களோ இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் பளு தூக்கக் கூடாது. நடந்தால் நெஞ்சு வலிப்பவர்கள் முதலில் இதயப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். இன்சுலின் போடுபவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரை பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை விழுந்தவர்கள் முதல் சில வாரங்களாவது பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்வது நல்லது.