பொம்மைப் பெட்டியில் போட்டிருக்கும் வயது எதற்கு?

“எங்கள் பையன் வயதுக்கு மீறிய கெட்டிக்காரன் டாக்டர், அதனால்தான் பெரிய பிள்ளைகளுக்கானதை வாங்கினோம்” என்று பெற்றோர் சொல்லும்போது, அந்தப் பொம்மையின் ஒரு துண்டு பெரும்பாலும் பையனின் மூக்கில் இருக்கும். நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். பொம்மைகள் என்னிடம் பாகம் பாகமாகத்தான் வருகின்றன.

‘மூன்று வயதுக்கு மேல்’ என்று பெட்டியில் போடுவது அறிவை அளந்து அல்ல. உள்ளே தொண்டையை அடைக்கும் சிறு பாகம் இருக்கிறது என்பதற்காக. சோதனைக்கூடத்தில் இதற்கென்றே 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை உண்டு. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அதைவிடச் சற்றே பெரிய வட்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எவ்வளவு சூட்டிகையாக இருந்தாலும் மூச்சுக்குழல் முன்கூட்டியே வளர்ந்துவிடாது.

ஆறு மாதத்தில் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். கிலுகிலுப்பை வாங்கினால் அதன் இணைப்பைப் பிரித்துப் பார்க்க முயலுங்கள். உங்களால் முடிந்தால் தரையில் நாலு முறை விழுந்ததும் அதுவே பிரிந்துகொள்ளும். ஒன்பது பத்து மாதத்தில் பொடிப்பொருளை இரண்டு விரலால் எடுக்கப் பழகும்போது, கடைப் பொம்மையைவிடத் தரையில் கிடக்கும் மணிதான் ஆபத்து. எழுந்து நிற்கும் பிள்ளைக்கு, பின்னால் நின்று தள்ளும் நம் நடைவண்டி நல்லது, பக்கத்தில் ஆள் இருந்தால். உள்ளே உட்கார்ந்து உருளும் வட்ட வாக்கர் வேண்டவே வேண்டாம். கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது. இரண்டு வயதுக்குமேல் பெரிய அளவிலான சொப்புச் சாமான் போதும். மூத்தவளுக்குப் பல்லாங்குழி வாங்கலாம். ஆனால் தம்பி தவழ்கிற வீட்டில் அந்தச் சோழிகளுக்கு இடம் பரண்தான்.

நான் அதிகம் பயப்படுவது நாணயம் போலத் தட்டையான வட்ட பேட்டரிக்கு. திருவிழாக் கடையில் மினுக்கும் விளக்குப் பொம்மை, பாட்டுப் பாடும் பொம்மை எனப் பலவற்றில் அது இருக்கிறது. எக்ஸ்ரேயில் முதல் பார்வைக்கு நாணயம் போலவே தெரியும். உற்றுப் பார்த்தால் விளிம்பில் இரட்டை வளையம். உணவுக்குழாயில் சிக்கினால் ஈரத்தோடு மின்னோட்டம் ஓடி, தொட்டிருக்கும் சதையில் அதை அரிக்கும் காரப்பொருள் உண்டாகும். இரண்டே மணி நேரத்தில் அங்கே ஆழமாக வெந்துவிடலாம். பொம்மையை ஓட்டச் சக்தி தீர்ந்த பேட்டரியும் இதைச் செய்யும். எச்சில் வடிதல், சாப்பிட மறுத்தல், இருமல் என்று சளிக்காய்ச்சல் போலவே காட்டும்.

“வாழைப்பழம் கொடுத்தோம், மலத்தில் வந்துவிடும் என்று இருந்தோம்” என்பதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை. வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். ஒரு வயது தாண்டி, விழுங்க முடிகிற குழந்தை என்றால், வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேனுக்காகக் கடை தேடி நிற்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

2021 ஜனவரி முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதைப் பாருங்கள், பேட்டரி மூடியில் ஸ்குரூ இருக்கிறதா என்றும் பாருங்கள். நகத்தால் திறக்கிற மூடி என்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

மருத்துவமனைக்கு வரும்போது அந்தப் பொம்மையையும் பேட்டரி வந்த அட்டையையும் எடுத்து வாருங்கள். அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்தாலே அதன் அளவு எங்களுக்குத் தெரிந்துவிடும்.