டர்பிடிட்டி: கலங்கலா, தெளிவின்மையா?

குடிநீர் ஆய்வறிக்கையில் பிஎச் (அமில-காரத் தன்மை), டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள்களின் அளவு) வரிகளுக்குப் பக்கத்திலேயே ‘டர்பிடிட்டி’ என்று ஒரு வரி இருக்கும். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி. எதிரே என்டியூ (நெஃபலோமெட்ரிக் டர்பிடிட்டி யூனிட்) என்ற அலகில் ஓர் எண். நீரில் கரையாமல் மிதக்கும் களிமண், பாசி, நுண்ணுயிர் போன்றவை ஒளியை எவ்வளவு சிதறடிக்கின்றன என்பதுதான் அந்த எண். துகள்களின் எடையை அது சொல்வதில்லை. ஒரே எடையில் மணலையும் களிமண்ணையும் தனித்தனியாகக் கலந்தால், களிமண் கலந்த நீரில்தான் எண் எகிறும்.

லத்தீனில் ‘டர்பா’ என்றால் கும்பல், அமளி. அதிலிருந்து வந்த ‘டர்பிடஸ்’ என்ற சொல் குழம்பிய நிலையைக் குறித்தது. ‘டிஸ்டர்ப்’ என்பதும் இதே வேர்தான். தமிழில் ‘கலங்கு’ என்ற வினையும் இப்படித்தான். குளம் கலங்கும், கண் கலங்கும், மனமும் கலங்கும்.

அதனால் ‘கலங்கல்’ என்பதே பொருத்தமான சொல். ‘தெளிவின்மை’ என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இல்லாத ஒன்றைச் சொல்லும் சொல் அது, நீரில் இருப்பதைச் சொல்லவில்லை. ‘மாசு’ இன்னும் மோசம், அதற்குள் எல்லாம் அடங்கிவிடும். ‘நிறம்’ வேறு கணக்கு: நிறக் கண்ணாடி வழியே மறுபக்கம் தெரிகிற மாதிரி, நிறமேறிய நீரும் கலங்காமல் இருக்கலாம். ஒரே ஒரு சிக்கல், ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கையும் கலங்கல் என்பார்கள். அறிக்கையில் ‘கலங்கல் அளவு’ என்று எழுதிவிட்டால் குழப்பம் வராது.

அளக்கும் முறையும் சுவாரசியமானது. முதலில் வந்தது ஜாக்சன் மெழுகுவத்தி முறை. கண்ணாடிக் குழாயின் அடியில் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, சுடரின் உருவம் மறையும் வரை மேலிருந்து நீரை ஊற்ற வேண்டும். நீர்மட்டம் எவ்வளவு குறைவோ அவ்வளவு கலங்கல். ஆனால் 25 அலகுக்குக் கீழே இது உதவாது; குடிநீரோ அதற்கும் வெகு கீழே இருக்க வேண்டியது. அப்புறம் வந்ததுதான் நெஃபலோமீட்டர். ஒளிக்கற்றையை நீருக்குள் செலுத்தி, அதற்கு 90 பாகையில் சிதறி வரும் ஒளியை அளக்கும் கருவி. ‘நெஃபலே’ என்றால் கிரேக்கத்தில் மேகம். என்டியூவின் முதல் எழுத்து அந்த மேகம்தான். தமிழில் ‘சிதறொளிமானி’ என்றால் வேலை புரிந்துவிடும்.

சுமார் 4 என்டியூவைத் தாண்டினால்தான் கண்ணுக்கே கலங்கல் தெரியும். கிருமிநீக்கம் செய்யுமுன் 1 என்டியூவுக்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். துகள்களின் மறைவில் கிருமிகள் குளோரினிடமிருந்தும் புற ஊதா ஒளியிடமிருந்தும் தப்பிவிடும். கரைந்திருக்கும் ஆர்சனிக், ஃபுளோரைடு போன்றவை ஒளியைச் சிதறடிக்காது, அவை இந்த எண்ணில் வரவே வராது.

சரி, கலங்கலை நீக்குவதற்கு என்ன சொல்? படிகாரம் போட்டுத் துகள்களைத் திரட்டுவது, படியவிடுவது, வடிகட்டுவது எல்லாவற்றுக்கும் சேர்த்துத் ‘தேற்றுதல்’ எனலாம். கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையின் பெயரில் இருப்பதும் அதே வினைதான்.