செல்போன் டவர் கதிர்வீச்சு: அரசு விதித்த வரம்பும் அளந்து தரக் கேட்கும் வழியும்

எதிர்வீட்டு மொட்டை மாடியில் செல்போன் டவருக்கான இரும்புத் தூண்கள் ஏறத் தொடங்கியதும், தெருவாசிகள் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குச் செல்வது தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடப்பதுதான். அத்தகைய மனுக்களில் கதிர்வீச்சு பற்றிய அச்சமே முதலில் எழுதப்படுகிறது. ஆனால் அந்தக் கதிர்வீச்சுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஒரு வரம்பு விதித்திருக்கிறது என்பதும், நம் வீட்டில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து தரும்படி யாரும் கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

செல்போன், டவர், வைஃபை ஆகியவற்றிலிருந்து வருபவை அயனியாக்காத வகையைச் சேர்ந்த மின்காந்த அலைகள். எக்ஸ் கதிரைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றி மரபணுவை நேரடியாகச் சிதைக்கும் ஆற்றல் இவற்றுக்குக் கிடையாது; அதற்குச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் (மிக நுண்ணிய ஆற்றலை அளக்கும் அலகு) தேவை, செல்போன் அலையின் ஒரு துகளிலோ ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவே இருக்கிறது. இந்த அலைகளால் உடலில் நேரும் விளைவுகளில் ஐயமின்றி நிறுவப்பட்டது, திசுக்கள் சூடாவது. உடல் முழுவதும் ஒரு கிலோ எடைக்கு 4 வாட் வீதம் ஆற்றல் ஏறினால் உடல் வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் உயரும் என்பதை அடிப்படையாகக் கொண்டு, ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. எனப்படும், அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் அதில் ஐம்பதில் ஒரு பங்கான 0.08 வாட்டைப் பொதுமக்களுக்கான எல்லையாக வைத்தது.

இந்தியா 2008இல் அந்த ஆணையத்தின் அளவுகளை ஏற்றது. பின்னர் 2010இல் அமைக்கப்பட்ட அமைச்சகங்களுக்கு இடையிலான குழுவின் பரிந்துரைப்படி, 2012 செப்டம்பர் 1 முதல் டவர்களுக்கான வரம்பு அதிலும் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. கணக்கு எளிது: 400 முதல் 2000 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையின் அதிர்வெண்ணை 2000ஆல் வகுத்தால் வருவதே, ஒரு சதுர மீட்டரில் எத்தனை வாட் இருக்கலாம் என்பதற்கு 2012இல் விதித்த எல்லை. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குப் பன்னாட்டு அளவு 4.5 வாட், 2012இன் இந்திய அளவு 0.45 வாட். 1800 மெகாஹெர்ட்ஸுக்கு அது 0.9 வாட், 2000க்கு மேற்பட்ட அலைகளுக்கு 1 வாட். ஒரே டவரில் பல நிறுவனங்களின் ஆன்டெனாக்கள் இருந்தால் அனைத்தின் அலைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பன்னாட்டு வரம்பில் ஆபத்து கண்டறியப்பட்டதால் இந்தக் குறைப்பு வந்தது என்று பொருள் கொள்ளக் கூடாது. மக்கள் நெருக்கமாக வாழும் நாட்டில் முன்னெச்சரிக்கையாக எடுத்த முடிவு இது, சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

புற்றுநோய் பற்றிய கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதத்தில் இந்த அலைகளை ‘2பி’ பிரிவில், அதாவது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில் வைத்தது. சான்று குறைவாக இருந்தும் முற்றாகத் தள்ளிவிட முடியாத நிலையைக் குறிக்கும் பிரிவு அது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் செய்யப்பட்டு 2024இல் வெளியான, 63 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வு, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்று முடிவு கூறியது. முதல் செய்தியை மட்டும் பரப்பி அச்சமூட்டுவது தவறு. இரண்டாவதைக் காட்டி, வரம்பைச் சரிபார்க்கும் கடமையிலிருந்து நிறுவனங்கள் நழுவுவதும் தவறு.

கையிலுள்ள செல்போனுக்குத் தனி விதி இருக்கிறது. உடல் ஈர்க்கும் ஆற்றலைக் குறிக்கும் எஸ்.ஏ.ஆர். அளவு, 1 கிராம் திசுவின் சராசரியாகக் கணக்கிட்டால் கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. பெரும்பாலான போன்களில் *#07# என்று அழுத்தினால் இந்த அளவு திரையில் வரும். தலையை ஒட்டி வைக்கப்படும் போன்தான் பெரும்பாலோருக்குத் தொலைவிலுள்ள டவரைவிடக் கூடுதல் ஆற்றலைத் தருகிறது. அதுவும் சிக்னல் ஒரு கோடாகக் குறைந்த இடத்தில் போன் தன் திறனை ஏற்றிக்கொள்ளும். அங்கே நீண்ட நேரம் பேச நேர்ந்தால் இயர்போனைப் பயன்படுத்துவதோ ஸ்பீக்கரில் பேசுவதோ நல்லது.

டவரை இயக்கத் தொடங்கும் முன் வரம்புக்கு உட்பட்டிருப்பதாகச் சேவை நிறுவனமே சுயசான்று அளிக்க வேண்டும். ஆண்டுக்கு 10 சதவீதம் வரையிலான தளங்களைத் தொலைத்தொடர்புத் துறையின் கள அலுவலகங்கள் சோதிக்கின்றன. மீறல் கண்டால் நிறுவனத்துக்கு அபராதம் உண்டு. சுயசான்றை மட்டும் நம்ப மனமில்லாதவர்களுக்காகவே 2017 மே மாதம் ‘தரங் சஞ்சார்’ இணையதளம் தொடங்கப்பட்டது. அதில் நம் இருப்பிடத்தைக் கொடுத்தால் சுற்றியுள்ள டவர்கள் வரைபடத்தில் தெரியும். ஒவ்வொன்றும் விதிக்கு உட்பட்டதா என்ற விவரமும் கிடைக்கும். அதோடு நிற்காமல், குறிப்பிட்ட இடத்தில் நேரில் வந்து அளக்கும்படியும் விண்ணப்பிக்கலாம். அதற்கு 4,000 ரூபாய் கட்டணமாக அறிவிக்கப்பட்டது. ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு இது பெரிய தொகை. குடியிருப்போர் சங்கமோ தெருவாசிகளோ சேர்ந்து ஒரே விண்ணப்பமாகக் கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

எங்கே அளப்பது என்பதில் கவனம் தேவை. ஆன்டெனா அலைகளைப் பெரும்பாலும் கிடைமட்டமாக, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து அனுப்புகிறது. ஆகவே டவர் நிற்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தைவிட, எதிரே ஆன்டெனாவுக்கு நேர் உயரத்தில் அமைந்த மாடியில்தான் அளவு கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அந்த மாடியையும், ஜன்னலோரத்தையும், குழந்தைகள் படுக்கும் அறையையும் அளக்கச் சொல்லுங்கள். வரம்புகள் திருத்தப்படக் கூடியவை என்பதால், அளந்த நாளில் நடைமுறையில் இருக்கும் வரம்போடு அறிக்கையின் எண்களை ஒப்பிட வேண்டும்.

பழைய கட்டடம் டவரின் எடையைத் தாங்குமா, கட்டட அனுமதி பெறப்பட்டதா, டீசல் ஜெனரேட்டரின் புகையும் இரைச்சலும் இரவில் தூக்கத்தைக் கெடுக்கின்றனவா என்பவை கதிர்வீச்சோடு தொடர்பில்லாத, ஆனால் உண்மையான குறைகள். ஒரே மனுவில் எல்லாவற்றையும் கலந்து எழுதினால், கதிர்வீச்சு வரம்புக்குள் இருக்கிறது என்ற ஒற்றை வரிப் பதிலோடு மற்றவையும் சேர்ந்து முடித்துவைக்கப்பட்டுவிடக்கூடும். கட்டட உறுதி, அனுமதி ஆகியவற்றுக்கு உள்ளாட்சி அமைப்புக்கும் ஆட்சியருக்கும், புகைக்கும் இரைச்சலுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.