டி-38 ஜெட்டை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகும் முன்

விமானம் ஓட்டும் கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க நாசா விண்வெளி வீரர்கள் ஓட்டும் இரட்டை இருக்கை ஜெட், டி-38 டேலன். நார்த்ராப் தயாரித்த இந்த விமானம் முதலில் பறந்தது 1959இல். நாசாவின் டி-38கள் ஹூஸ்டனில் எல்லிங்டன் தளத்தில் நிற்கின்றன. அவற்றில் ஓய்வுபெற்ற ஒன்று கிடைக்கிறது என்றதும் அருங்காட்சியகக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, லாரி வாடகை எவ்வளவு என்பதுதான். அதைக் கடைசியில் கேட்கலாம். இந்த வேலையில் கெடுவதில் பெரும்பங்கு லாரி வருவதற்கு முன்பே, கழற்றும் இடத்திலேயே கெட்டுவிடுகிறது.

முதலில் வெடிமருந்து. ஆபத்து வந்தால் விமானியோடு வெளியே பாயும் இருக்கைகள் இதில் இரண்டு. இருக்கையோடு சேர்ந்த ராக்கெட், அதைக் கிளப்பும் தோட்டாக்கள், விமானி அறையின் கண்ணாடி மூடியான கேனபியை வீசியெறியும் வெடிப்பொதிகள் என்று பல இடங்களில் மருந்து இருக்கும். கேனபியை வெளியிலிருந்தே தெறிக்க வைக்க மீட்புக் குழுவுக்கென்று ஒரு கைப்பிடியும் உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவர் அதை இழுத்தாலும் அது தன் வேலையைச் செய்யும். “சேஃப்டி பின் மாட்டியாச்சு” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின் என்பது இயங்குமுறையைத் தடுக்கும், அவ்வளவுதான். மருந்து உள்ளேயேதான் இருக்கும். எந்த இடத்திலிருந்து எந்தப் பொதி, எந்தத் தேதியில், யாரால் எடுக்கப்பட்டது என்று வரிவரியாக எழுதிய கையொப்பமிட்ட பட்டியல் வேண்டும். எடுக்க வேண்டியவர்கள், ஒப்படைக்கும் தரப்பில் இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள். பட்டியல் கைக்கு வரும்வரை காக்பிட்டுக்குள் யாரும் உட்காரக் கூடாது, படம் எடுக்கக்கூட.

அடுத்து எரிபொருள். டி-38இன் எரிபொருள் முழுவதும் உடற்பகுதியில்தான், ஏறத்தாழ 2,200 லிட்டர் கொள்ளும். இறக்கையில் ஒரு சொட்டும் கிடையாது. கழற்றும்போது இது பெரிய வசதி. ஆனால் வடித்துவிட்டதால் பாதுகாப்பு வந்துவிடாது. நிறைந்த தொட்டியைவிட, ஆவி தங்கிய காலித் தொட்டிதான் எளிதில் வெடிக்கும். உள்ளே காற்றோட்டம் கொடுத்து, ஆவிமானியால் அளந்து பார்த்த பிறகே அருகில் கிரைண்டரோ டிரில்லோ எடுக்க வேண்டும். ஹைட்ராலிக் குழாய்களில் அழுத்தத்தை இறக்குங்கள். சக்கரங்களைத் தாங்கும் கியர் கால்களில் அடைத்த நைட்ரஜனையும் விட்டுவிடுங்கள். பேட்டரி கழற்றாமல் எதையும் தொட வேண்டாம்.

எடையில் பலரும் ஏமாறுகிறார்கள். கையேட்டில் உள்ள வெற்று எடை சுமார் 3,270 கிலோ. கைக்கு வரும் விமானம் அந்த எடையில் இருப்பது அபூர்வம். இதே ரகம் இன்னும் பறந்துகொண்டிருப்பதால், உதவும் உதிரிகளையெல்லாம் எடுத்துக்கொண்டுதான் தருவார்கள். வாலுக்கருகே உள்ள ஜே85 எஞ்சின்கள் ஒவ்வொன்றும் 265 கிலோ அளவில். இரண்டும் போனால் எடை மையம் முன்னால் நகரும். எஞ்சின் இருந்து, மூக்கிலுள்ள மின்னணுப் பெட்டிகளும் இருக்கைகளும் போயிருந்தால், விமானம் வால் குத்தி உட்காரக்கூடும். ஆகவே மூன்று சக்கரங்களையும் தனித்தனி எடைமேடையில் ஏற்றி அளந்து, மையத்தைக் கணக்கிட்ட பிறகே கிரேனை அழைக்க வேண்டும். எடுப்பதாகச் சொன்ன ஒரு பொருள் கணக்குக்குப் பிறகு எடுக்கப்பட்டால் மறுபடி அளக்க வேண்டும்.

இனி இறக்கை. டி-38இன் இறக்கை இடது, வலது என்று இரண்டாகப் பிரியாது. முனையிலிருந்து முனைவரை ஒரே துண்டாக, 7.7 மீட்டர், உடற்பகுதிக்கு அடியில் ஓடுகிறது. பிரதானச் சக்கரங்களும் அதிலேதான் பொருத்தப்பட்டிருக்கின்றன. இறக்கையைக் கழற்றினால் விமானம் நிற்கக் கால் இருக்காது. இது தெரியாமல் டிரெய்லரை மட்டும் வரவழைத்து, உடற்பகுதியை வைக்கத் தாங்குசட்டம் இல்லாமல் திகைத்து நிற்பவர்கள் உண்டு. சரியான வழி: இணைப்பு மறைப்புகள், கட்டுப்பாட்டுத் தண்டுகள், குழாய்கள், கம்பிகள் எல்லாம் விடுவித்து, உடற்பகுதியைப் பட்டைகளை அகலமாக விரித்துப் பிடிக்கும் சட்டம் வைத்த ஸ்லிங்கால் (தூக்குப் பட்டைகளால்) அதற்கென்று குறித்த இடங்களில் பிடித்துத் தூக்கி, இறக்கையை அதன் சக்கரங்களிலேயே அடியிலிருந்து உருட்டி வெளியே எடுப்பது. காற்று வீசும் நாளில் இதைச் செய்யாதீர்கள். எஞ்சின் இல்லாத உடற்பகுதி கிரேனில் பாய்மரம் போலத் திரும்பும்.

இணைப்பு போல்ட்டுகள் எஃகு, சுற்றியுள்ளது அலுமினியம். ஆண்டுக்கணக்கில் ஈரம் புகுந்து இறுகியிருக்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருந்தால் பெரும்பாலும் அசையும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் கட்டர் எடுத்து இறக்கையை அறுக்கிறார்கள். அறுத்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும்; பிறகு ஒட்டுத்தகடு வைத்து ரிவெட் அடித்துப் பெயின்ட் பூசலாம். பார்வையாளருக்குத் தெரியாது. ஆனால் அந்த இறக்கை அதன் பிறகு தன் எடையைத் தானே தாங்காது. சக்கரம் அதில்தானே இருக்கிறது? காலம் முழுக்க அடியில் முட்டுக் கொடுக்க வேண்டியதுதான்.

கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் எடுத்த துளையின் எண்ணோடு தனிப் பையில் போக வேண்டும். ஒரே தடிமனாகத் தெரிந்தாலும் நீளம் மாறும். இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடுகளும் அப்படியே. மூக்கு நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றழுத்தக் குழாயை முதல் நாளே கழற்றிப் பெட்டியில் போடுங்கள். ஆட்கள் முதலில் மோதுவது அதில்தான்.

சாலைக் கணக்கு டெக்சாஸில் இப்படி: அனுமதியின்றிப் போக அகலம் 2.59 மீட்டருக்குள், உயரம் 4.27 மீட்டருக்குள். வால் தட்டை இறக்கைகள் நான்கு மீட்டருக்கும் மேல் விரிவதால் அவை கழன்றே ஆக வேண்டும். பெரிய இறக்கை நடுவில், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை, சுமார் 3.4 மீட்டர் அகலம். செங்குத்தாக நிறுத்தினால் டிரெய்லர் தளத்தோடு சேர்த்து உயர வரம்பைத் தொட்டுவிடும். படுக்கவைத்து, அகல அனுமதி வாங்குவதே மேல். தாங்குசட்டத்தின் முட்டுகள் விமானத்தின் உட்புறக் குறுக்குச் சட்டங்களுக்கு நேர் அடியில் வர வேண்டும். வெறும் தகட்டில் வந்தால் பத்துக் கிலோமீட்டரிலேயே குழி விழும். பட்டைகளைக் கேனபி மேலோ அசையும் பரப்புகள் மேலோ போடக் கூடாது.

வழியை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, தொங்கும் மின்கம்பிகளையும் சிக்னல் கைகளையும் அளந்துவிடுங்கள். 2014 ஏப்ரலில் எல்லிங்டனிலிருந்து ஸ்பேஸ் சென்டர் ஹூஸ்டனுக்கு, விண்கலம் சுமந்த போயிங் 747ஐத் துண்டுகளாக்கி இரவில் கொண்டுபோனார்கள். அதோடு ஒப்பிட்டால் டி-38 சின்னப் பொருள். அருங்காட்சியகம் அதே ஓடுதளத்தில் இருந்தால், எல்லிங்டனிலேயே உள்ள லோன் ஸ்டார் விமான அருங்காட்சியகம் மாதிரி, எதையும் கழற்றாமல் இழுத்துக்கொண்டே போகலாம். இன்னும் பறக்கத் தகுதியுள்ளதென்றால், கடைசிப் பறப்பை அருகிலுள்ள ஓடுதளத்தில் முடிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

பொருத்தும்போது இறக்கையை மட்டம் பார்த்து நிறுத்தி, உடற்பகுதியை அதன் மேல் இறக்க வேண்டும். துளை ஒரு மில்லிமீட்டர் விலகினால் சுத்தியல் வேண்டாம். ஜாக்கியை அசைத்தால் நேராகும். போல்ட்டுக்கு கிரீஸ் தடவிப் போடுங்கள், அடுத்த முறை கழற்றுபவருக்கு உதவும். கியர் கால்களுக்குள் தடுப்பு வைத்து நிலைநிறுத்துங்கள். இல்லாவிட்டால் வாயு கசிந்து ஒரு பக்கம் சாயும். பழைய பெயின்ட்டுக்கு அடியில் அரிப்பைத் தடுக்கும் குரோமேட் பூச்சு இருக்கலாம். உலர்த்தேய்ப்பு கூடாது, அந்தத் தூசி புற்றுநோய் தரக்கூடியது.

வெளியே வைப்பதென்றால் அடிப்பகுதி வடிகால் துளைகளைப் பெயின்ட் அடைக்காமல் பாருங்கள். தேன்கூட்டு அமைப்புள்ள பரப்புகளுக்குள் நீர் புகுந்தால் உள்ளிருந்தே அரிக்கும். மேலே தெரியும்போது காலம் கடந்திருக்கும். கேனபிக்கு வெயில் உறை, காற்று உள்ளிழுக்கும் வாய்களுக்கும் எஞ்சின் குழாய்களுக்கும் பறவை வலை, தரையில் பதித்த நங்கூர வளையங்கள். ஹூஸ்டன் பக்கம் புயல் பருவம் ஜூன் 1இல் தொடங்கும். வளையங்களையும் துளைகளையும் மே மாதத்திலேயே சரிபார்த்துவிடுங்கள்.