நெற்றியில் பெயர் எழுதிய பாக்கெட்

வீட்டுக் கணினியில், பிட்காயின் நெட்வொர்க்கோடு நேரடியாகப் பேசும் பிட்காயின் கோர் மென்பொருளை ஓடவிட்டு, பக்கத்திலேயே வயர்ஷார்க்கைத் திறந்து வைத்துப் பாருங்கள். வந்து போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது தரவுப் பொட்டலத்தையும், பிரித்துக் காட்டும் இலவசக் கருவி அது. கொஞ்சம் பழைய பதிப்பாக இருந்தால், வெளியே போகும் முதல் செய்தியே எஃப்9, பிஇ, பி4, டி9 என்ற நாலு பைட்டில் தொடங்கும். அடுத்து 'வெர்ஷன்' என்ற ஆங்கிலச் சொல், எழுத்துக்கு ஒரு பைட்டாக ஏழு பைட். மிச்ச இடத்தை அடைக்க ஐந்து பூஜ்யம். போய்ச் சேரும் போர்ட், அதாவது அந்தக் கணினியின் கதவு எண், பெரும்பாலும் 8333. நெற்றியில் பெயரை எழுதிக்கொண்டு தெருவில் இறங்கிய மாதிரிதான். அப்படியானால் நடுவில் இருப்பவர்கள் பிட்காயினை அடையாளம் கண்டு தடுத்துவிட முடியுமா?

அந்த நாலு பைட் தற்செயலாக வந்ததல்ல. சாதாரணத் தரவில் இப்படியொரு வரிசை தென்படுவது அரிது, அதனால்தான் இதைப் பிடித்தோம் என்று பிட்காயினின் மூல நிரலிலேயே குறிப்பு இருக்கிறது. ஓடிவரும் பைட் வெள்ளத்தில் ஒரு செய்தி எங்கே ஆரம்பிக்கிறது என்று மென்பொருள் சட்டென்று கண்டுகொள்ள வேண்டுமே! ஆனால் மென்பொருளுக்குச் சுலபமானது, நடுவில் உட்கார்ந்திருக்கும் இணைய நிறுவனத்துக்கும் சுலபம். பாக்கெட்டின் முகவரியோடு நிற்காமல் உள்ளே இருப்பதையும் படிக்கும் 'டீப் பாக்கெட் இன்ஸ்பெக்‌ஷன்' கருவிக்கு இந்த நாலு பைட்டைத் தேடு என்று சொன்னால் போதும். போர்ட்டை மாற்றியெல்லாம் தப்ப முடியாது.

படிக்க முடிந்தால் திருத்தவும் முடியும். சூரிச் இடிஎச் பல்கலைக்கழகமும் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகமும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரு நோடு (நெட்வொர்க்கில் சேர்ந்த கணினி) புது பிளாக்கை, அதாவது பரிவர்த்தனைகளின் அடுத்த தொகுப்பை, கேட்டு அனுப்பும் கோரிக்கையில் நடுவழியில் சில பைட்டை மாற்றிவிட்டால், அந்த பிளாக் வந்து சேர 20 நிமிடம் வரை தாமதமாகலாம். இணைப்பு அறுந்திருக்காது, நோடும் ஒன்றும் நடக்காதது போலக் காத்திருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் வரும் இடத்தில் 20 நிமிடம் குருடாக இருப்பது சின்ன விஷயமல்ல. என்னைக் கேட்டால், பட்டென்று தடுப்பதைவிட இது மோசம்.

இதற்கெல்லாம் மருந்தாக வந்ததுதான் பிப் 324 என்கிற மறையாக்க முறை. 2023 டிசம்பரில் 26.0 பதிப்பில் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்று வந்தது. 2024 ஏப்ரலில் 27.0-ல் தானாகவே இயங்கும்படி ஆனது. இதில் முதல் 64 பைட் ஒரு சாவி. அதுகூடச் சாவியாகத் தெரியாமல், தாறுமாறான எண்களாகத் தெரியும்படி குறியாக்கம் செய்யப்பட்டது. அதன் பின்னால் 4,095 பைட் வரை வெறும் குப்பையைச் சேர்த்துக்கொள்ளலாம். நிலையான அளவு கிடையாது, நிலையான சொல் கிடையாது. தேடுபவனுக்குப் பிடி கிடைக்காது.

கிடைக்காது என்றா சொன்னேன்? பிடி இல்லாததே ஒரு பிடி. 2021 நவம்பர் முதல், இணையத்தைத் தணிக்கை செய்யும் சீனத் தீச்சுவர் ஒரு விசித்திரமான கணக்கைப் போடத் தொடங்கியது. ஒரு இணைப்பின் முதல் பாக்கெட்டை எடுத்து, ஒவ்வொரு பைட்டிலும் சராசரியாக எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணும். ஒரு பைட்டுக்கு 8 பிட். உண்மையிலேயே தாறுமாறான தரவில் பாதி 1, பாதி 0. ஆக சராசரி 4. எண்ணி வந்தது 3.4-க்கும் 4.6-க்கும் நடுவில் இருந்து, படிக்கக்கூடிய எழுத்துகளும் இல்லாமல், வழக்கமான இணையதளப் போக்குவரத்தின் சாயலும் இல்லாமல் இருந்தால் இணைப்பு காலி. தணிக்கையைத் தாண்ட உதவும் விபிஎன் போன்றவற்றைப் பிடிக்க வந்த விதி இது. ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் அலசி வெளியிட்டார்கள். அப்பாவி இணைப்புகள் மாட்டும் என்பதால், வெளிநாட்டு டேட்டா சென்டர்கள் சிலவற்றுக்குப் போகும் இணைப்புகளில் மட்டும், அதுவும் ஏறக்குறைய நாலில் ஒன்றில் மட்டும்தான் இதைப் பயன்படுத்தினார்களாம்.

இந்தக் கணக்கை பிட்காயினுக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கை. பழைய 'வெர்ஷன்' செய்தியில் பூஜ்யங்கள் மண்டிக் கிடப்பதால் சராசரி 3.4-க்குக் கீழே போய்விடும், தப்பித்துவிடும். புதுசாக முக்காடு போட்டு வந்தது 4-ஐ ஒட்டி நின்று மாட்டிக்கொள்ளும்.

சொல்லப்போனால், தடுக்க நினைப்பவன் பாக்கெட்டைப் பிரிக்கவே வேண்டியதில்லை. பிட்காயின் நோடுகள் யார் வந்து கதவைத் தட்டினாலும் திறப்பவை. 'உனக்குத் தெரிந்த முகவரிகளைக் கொடு' என்று கேட்டால் ஒரே செய்தியில் ஆயிரம் வரை கொடுக்கும். இணைய நிறுவனமே ஒரு நோடாக வேஷம் போட்டு நாலு நாள் சுற்றினால் பட்டியல் தயார். சந்தேகத்துக்கு இடமான முகவரிக்குத் தானே ஒரு வணக்கம் அனுப்பி உறுதியும் செய்துகொள்ளலாம். இங்கே மறையாக்கத்தால் பயனில்லை. ஓசைப்படாமல் நடுவில் கைவைப்பதைக் கடினமாக்கியதுதான் அதன் நிஜமான லாபம்.

ஆனால் பட்டியல் எப்போதும் ஓட்டைதான். வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்காத நோடுகள் அதில் அவ்வளவாகச் சிக்காது. இருப்பிடத்தை மறைக்கும் டோர் நெட்வொர்க் வழியாக வருபவற்றின் ஐபி முகவரியே தெரியாது. ஒரு நோடு வழக்கமாக 10 இணைப்புகளைத் தானே தேடிப் பிடிக்கும். அதில் 9 அறுந்து நேர்மையான ஒன்று மிஞ்சினாலும் பிளாக்குகள் வந்துகொண்டிருக்கும். அதுவும் இல்லாதவர்களுக்காக பிளாக்ஸ்ட்ரீம் நிறுவனம் 2017 முதல் செயற்கைக்கோள் வழியே பிளாக்குகளை ஒலிபரப்புகிறது.

அதனால்தான் அரசுகள் இணையதளங்களில் கைவைக்கின்றன. 2023 டிசம்பரில் பைனான்ஸ் உள்ளிட்ட, கிரிப்டோ வாங்கி விற்கும் 9 வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளின் இணைய முகவரிகளை முடக்கும்படி இந்திய நிதி உளவுப் பிரிவு கேட்டதும் இந்த வகைதான். தளத்தின் பெயர் வெளிப்படையாகப் போவதால் அதை மறிப்பது எளிது.

கணக்குப் போட்டுப் புது பிளாக்குகளை உருவாக்கும் மைனிங்கிலும் நிலைமை கொஞ்சம் இப்படித்தான். இயந்திரங்கள், பலர் சேர்ந்து மைனிங் செய்யும் பூல்களோடு ஸ்ட்ராட்டம் என்ற நெறிமுறையில் பேசும். பெரும்பாலும் மறைக்காத, படித்தாலே புரியும் வரிகள். பூல்களின் முகவரிகளும் ஊரறிந்தவை. 2021-ல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் மைனிங் செய்யும் ஐபி முகவரிகளை எண்ணியபோது, அரசு அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும்கூட அதில் அகப்பட்டன. ஸ்ட்ராட்டத்தை மறையாக்கத்துக்குள் நுழைத்து அனுப்பவும் வழி உண்டு. ஆனால் ஆண்ட்மைனர் எஸ்19 போன்ற ஒற்றை இயந்திரம் ஓயாமல் 3,250 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 78 யூனிட். அதை மின்சார மீட்டரிடம் மறைக்க எந்த நெறிமுறையும் வரவில்லை.