கில்பெக்கில் நின்றது, ஷாப்டனில் கரைந்தது

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது ஹெரஃபோர்ட்ஷயர். அங்கே கில்பெக் என்ற சிற்றூரில் 1140 வாக்கில் கட்டிய சின்ன தேவாலயம் ஒன்று. கூரை விளிம்புக்குக் கீழே, சுவரைச் சுற்றி வரிசையாகக் கல் முகங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு நாயும் முயலும் ஒட்டி உட்கார்ந்து உருண்டைக் கண்களால் கீழே பார்க்கின்றன. ஒருவன் பிடில் வாசிக்கிறான். இப்படி 85 தாங்குகற்கள், அதாவது கூரை விளிம்பைத் தாங்கச் சுவரிலிருந்து நீட்டிய கற்கள். தெற்கு வாசலின் வளைவைச் சுற்றிப் பறவைகள், விலங்குகள், தன் வாலைத் தானே விழுங்கும் பாம்புகள். கிட்டத்தட்ட 900 ஆண்டு ஆகியும் அந்தக் கோடுகள் கூர் மழுங்காமல் தெரிகின்றன.

அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் வடக்கே ஷாப்டன். அதே காலத்தில், அதே சிற்பிக் கூட்டத்தின் கைவண்ணம் அங்கும் இருந்தது. ‘ஹெரஃபோர்ட்ஷயர் பள்ளி’ என்று ஆய்வாளர்கள் அவர்களைச் சொல்வார்கள். 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு எழுந்த, அரைவட்ட வளைவுகள் கொண்ட ரோமனெஸ்க் பாணியில் அந்தக் கூட்டத்தின் வேலை தனி ரகம். 1750-களில் ஷாப்டனின் பழைய தேவாலயத்தை இடித்துவிட்டுப் புதிது கட்டினார்கள். செதுக்கிய வளைவுகளை மட்டும் பெயர்த்துக் கொண்டுபோய், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று பக்கத்து மேட்டில் நிறுத்தினார்கள். மேலே கூரை கிடையாது. இன்று அந்த உருவங்கள் தண்ணீரில் ஊறிய சோப்புக்கட்டி போலிருக்கின்றன. எது பறவை, எது கொடி என்று சொல்வதே கஷ்டம்.

தேவாலயத்தோடு இருந்த 600 ஆண்டில் நேராத சேதம் வெட்டவெளியில் 270 ஆண்டில் நேர்ந்துவிட்டது. 1852-ல் ஜார்ஜ் லூயிஸ் என்பவர் இந்த வளைவுகளின் கோட்டோவியங்களை வெளியிட்டார். இழந்தது என்னவென்று அவற்றைப் பார்த்தால்தான் புரிகிறது. வளைவுகளுக்குச் சாந்து அச்சு எடுத்து லண்டனின் கிரிஸ்டல் பேலஸிலும் வைத்தார்கள். 1936-ல் அந்தக் கட்டடம் எரிந்தபோது அச்சுகளும் போயின. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும்.

சரி, வெறும் மழை கல்லை என்னதான் செய்கிறது?

மணற்கல் என்பது மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிய கட்டி. கில்பெக் கல் சுமார் 40 கோடி ஆண்டுக்கு முன் ஆற்றுப் படுகைகளில் படிந்த செம்மணல். அதன் சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. துகள்கள் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கெட்டியான கனிமம். மழை அதை ஒன்றும் செய்யாது. பலவீனம் துகள்களுக்கு இடையே இருக்கும் பசையில்தான். அந்தப் பசை சிலிக்காவாக இருந்தால் கல் கெட்டி. கால்சைட்டாக, அதாவது சுண்ணாம்புக் கனிமமாக இருந்தால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து லேசாக அமிலமாகிப்போன மழைநீர் அதை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். களிமண்ணாக இருந்தால் நனையும்போது உப்பி, காயும்போது சுருங்கும். பசை விட்டதும் மணல் தானாக உதிர்கிறது.

அடுத்தது உறைபனி. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. கல்லின் நுண்துளைகளில் தண்ணீர் பாதிதான் இருக்கிறது என்றால் பனிக்கு விரிய இடம் உண்டு, கல்லுக்கு ஆபத்தில்லை. துளைகள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிரம்பியிருந்தால்தான் வெடிப்பு விழும். ஆக, கல் நனைவதைவிட முழுக்க ஊறிப்போவதுதான் கேடு. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் கில்பெக்கும் ஷாப்டனும் பிரிந்துவிடுகின்றன. இறவாரத்துக்கு அடியில் இருக்கும் முகத்தில் சாரல் படும். அப்புறம் காற்றில் காய்ந்துவிடும். மேட்டில் நிற்கும் வளைவிலோ உச்சியிலிருந்து தண்ணீர் நேராக உள்ளே இறங்குகிறது. ஒரு மழை காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது, இரவில் உறைகிறது.

மூன்றாவது உப்பு. கற்சுவர் மண்ணெண்ணெய் விளக்கின் திரி மாதிரி, நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, துளைகளை உள்ளிருந்து நெம்புகிறது. சுவர் உப்பு பூத்து உதிர்வது இப்படித்தான். கில்பெக்கின் முகங்கள் உயரத்தில் இருப்பது அவற்றின் அதிர்ஷ்டம்.

வாசல் சிற்பங்களுக்குக் காப்பு வேறு வகையில் வருகிறது. ரோமனெஸ்க் வாசல் ஒரே வளைவாக இருக்காது. கனத்த சுவருக்குள் படிப்படியாக உள்வாங்கிப் போகும். ஒவ்வொரு வளைவும் தனக்கு உள்ளே இருப்பதற்குக் குடை பிடிக்கிறது. பல ஊர்களில் பின்னாளில் வாசலுக்கு முன்மண்டபமும் எழுப்பினார்கள். ஸ்ட்ரெட்டன் சுகுவாஸில், பைபிளில் வரும் சிம்சோன் சிங்கத்தோடு மல்லுக்கட்டுவதைச் செதுக்கிய அரைவட்டக் கல்பலகையைத் தேவாலயத்துக்கு உள்ளேயே வைத்துவிட்டார்கள். அதுவும் ஹெரஃபோர்ட்ஷயர் பள்ளியின் வேலைதான், அழகாகவே தப்பித்திருக்கிறது.

கூரை இருந்தால் போதும் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. நிலக்கரிப் புகை சூழ்ந்த நகரங்களில் சுண்ணாம்புக்கல் சிற்பங்களுக்கு மறைவிடமே எமனானது. புகையின் கந்தகம் கால்சைட்டை ஜிப்சமாக மாற்றும். மழை படும் இடத்தில் அது கழுவிக்கொண்டு போய்விடும். மழை படாத மடிப்புகளில் கரியோடு சேர்ந்து கறுப்புப் பொருக்காகத் தடித்து, கடைசியில் கொப்பளித்து, சிற்பத்தின் தோலையும் உரித்துக்கொண்டு விழும். கில்பெக் போன்ற கிராமங்களுக்கு அந்தப் புகை அவ்வளவாக எட்டவில்லை.

அப்புறம் பணம். வளமான ஊர்களில் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் பழைய தேவாலயத்தை இடித்து, கூர்முனை வளைவுகள் கொண்ட கோத்திக் பாணியில் பெரிதாகக் கட்டினார்கள். ரோமனெஸ்க் வேலைப்பாடு அப்படியே தங்கியது பெரும்பாலும் வளராமல் போன ஊர்களில். கில்பெக்கில் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே இருந்த கோட்டை இன்று ஒரு மண்மேடும் உடைந்த சுவர்களும்தான்.

காப்பாற்ற நினைத்தும் கெடுத்தவர்கள் உண்டு. பழைய கொத்தனார்கள் கல் இடுக்கில் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். அது கல்லைவிட மென்மை, ஈரத்தை வெளியே விடும். உப்பும் உறைபனியும் முதலில் காரையைத் தின்னும். அதை மறுபடி பூசிக்கொள்ளலாம். 1824-ல் போர்ட்லேண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அது பரவியதும் பழைய சுவர்களின் இடுக்கையும் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். உள்ளே சிக்கிய ஈரத்துக்குக் கல் வழியாக வெளியேறுவதைத் தவிர வேறு வழியில்லை. இடுக்கு கெட்டியாக நிற்க, கல் குழிந்து போனது. இப்போது பழுது பார்ப்பவர்கள் அந்தச் சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் சுண்ணாம்புக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஊர்த் தேவாலயத்தில் ஒருவர் செய்ய வேண்டிய முதல் வேலை என்ன தெரியுமா? இலையுதிர் காலத்தில் ஏணி போட்டு ஏறி, கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைத்த சருகை அள்ளிப் போடுவது. 1877-ல் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இதற்காகவே நவம்பரில் ஒரு வாரம் ஒதுக்கி நினைவூட்டுகிறது. குழாய் ஒரு குளிர்காலம் அடைத்துக் கிடந்தால், கூரைத் தண்ணீரெல்லாம் ஒரே இடத்தில் சுவரோடு வழியும். அந்த இடத்துக்கு நேர் கீழே இருப்பது நாயும் முயலும் போன்ற ஒரு தாங்குகல்லாகவே இருக்கலாம்.